இயற்றுதற் கருத்தாவும் ஏவுதற் கருத்தாவும்: நாமக்கல் லாரித் தொழிலை முன்வைத்துப் பாதுகாப்பு வாசகங்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கட்டாயப் பாதுகாப்பு விதிகள் தனிமனித சுதந்திரத்தைக் குறைக்கின்றனவா என்னும் வினா பெரும்பாலும் அரசுக்கும் தனிமனிதருக்கும் இடையிலான வழக்காகவே பேசப்படுகிறது. இவ்விருவருக்கும் நடுவே நிற்கும் மூன்றாமவர், அதாவது வேலை வாங்குபவர், அப்பேச்சில் இடம்பெறுவதில்லை. இந்த விடுபடலைப் பாதுகாப்பு வாசகங்களின் மொழி எவ்வாறு உருவாக்குகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ் இலக்கணம் கூறும் இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா என்னும் பாகுபாட்டை அளவுகோலாகக் கொண்டு, சாலைப் பாதுகாப்பு வாசகங்களும் அவற்றுக்கு அடிப்படையான சட்டப் பிரிவுகளும் லாரிகளில் எழுதப்படும் தொடர்களும் ஒப்பிடப்படுகின்றன. சட்டம் ஏவுவோரை அறிந்திருக்கிறது. வாசகம் அவரை நீக்கிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பாதுகாப்பு வாசகங்கள், கருத்தா, வியங்கோள், செவியறிவுறூஉ, லாரித் தொழில், நாமக்கல், மோட்டார் வாகனச் சட்டம்.

முன்னுரை

தமிழகத்தில் கட்டாயப் பாதுகாப்பைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் தலைக்கவசத்தில் தொடங்கித் தலைக்கவசத்திலேயே முடிந்துவிடுகிறது. 2015 ஜூன் 8 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து, அவ்வாண்டு ஜூலை 1 முதல் இருசக்கர வாகனத்தில் செல்வோர் தலைக்கவசம் அணிவது தமிழகத்தில் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்பட்டது. மதுரையில் வழக்கறிஞர்களில் ஒரு பிரிவினர் அதனை எதிர்த்து ஊர்வலம் சென்றனர். அப்போது எழுந்த வாதங்கள் இரண்டு வகையின. என் தலையைக் காப்பதும் காக்காததும் என் விருப்பம் என்பது ஒன்று. விபத்தின் துயரமும் செலவும் குடும்பத்தின் மீதும் சமூகத்தின் மீதும் விழுவதால் அது தனிவிருப்பம் ஆகாது என்பது மற்றொன்று.

இவ்விரு வாதங்களும் எதிரெதிரானவை எனினும், இரண்டும் ஒரே மனிதரைக் கற்பனை செய்துகொள்கின்றன. அவர் தம் வண்டியைத் தாமே ஓட்டுகிறார். எப்போது புறப்படுவது, எவ்வளவு விரைவில் செல்வது, எங்கே ஓய்வெடுப்பது என்பவற்றைத் தாமே முடிவு செய்கிறார். ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859 இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் காட்டும் எடுத்துக்காட்டும் இத்தகையதே. பாதுகாப்பற்ற பாலம் ஒன்றைக் கடக்க முற்படுபவருக்கு எச்சரிக்க நேரமில்லை என்றால் அவரைப் பிடித்து நிறுத்தலாம். ஆபத்து உறுதியன்று, நேரக்கூடியது மட்டுமே என்றால் எச்சரித்துவிட்டு முடிவை அவரிடமே விட்டுவிட வேண்டும் என்பது மில்லின் நிலைப்பாடு. அந்தப் பாலத்தைக் கடப்பவர் தம் விருப்பத்தால் கடக்கிறார். கூலிக்காக அதனைக் கடக்க அனுப்பப்பட்ட ஒருவர் அந்த எடுத்துக்காட்டில் இல்லை.

நாமக்கல்லில் இவ்வினாவைக் கேட்டால் விடை வேறாகிறது. லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளும், முட்டை ஏற்றிச் செல்லும் வண்டிகளும், சமையல் எரிவாயு டேங்கர்களும், திருச்செங்கோட்டிலிருந்து இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்லும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் இம்மாவட்டத்தின் வாழ்க்கையை வடிவமைத்துள்ளன. 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாவதற்கு முன்பே இத்தொழில்கள் இங்கே வேரூன்றியவை. இங்கே சாலை என்பது பயணவழி மட்டுமன்று, பணியிடமும் ஆகும். பணியிடத்தில் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது, செய்பவரைப் போலவே செய்விப்பவரையும் பேச வேண்டியிருக்கிறது.

இலக்கண அளவுகோல்

மூன்றாம் வேற்றுமையின் பொருளை விளக்குமிடத்து நம் இலக்கண மரபு கருத்தாவை இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா எனப் பிரிக்கிறது. தச்சன் நாற்காலி செய்தான் என்பதில் தச்சன் தன் கையால் தொழிலைச் செய்தவன். அவன் இயற்றுதற் கருத்தா. கரிகாலன் கல்லணையைக் கட்டினான் என்பதில் கரிகாலன் கல் சுமந்தவன் அல்லன். பிறரைக் கொண்டு கட்டுவித்தவன். அவன் ஏவுதற் கருத்தா. வகுப்பறையில் நாம் பல்லாண்டுகளாகக் கற்பித்துவரும் இப்பாகுபாட்டில் ஓர் அரசியலும் உண்டு. புகழுக்குரிய செயல்களில் மொழிவழக்கு ஏவியவரையே எழுவாயாக்குகிறது. கல் சுமந்தோர் மறைகின்றனர். பழிக்குரிய செயல்களில் இது தலைகீழாகிறது. அணை நின்றால் கட்டியவன் அரசன். லாரி கவிழ்ந்தால் கவிழ்த்தவர் ஓட்டுநர்.

இரண்டாவது அளவுகோல் அறிவுரை இலக்கியத்தின் திசை பற்றியது. தொல்காப்பியம் வாயுறை வாழ்த்து, செவியறிவுறூஉ என்னும் இரண்டைப் பேசுகிறது. வேம்பும் கடுவும் போல முதலில் கசந்து பின்னர்ப் பயன் தரும் சொல் வாயுறை வாழ்த்து. பெரியோர் நடுவே பொங்காது அடங்கி ஒழுகுமாறு அறிவுறுத்துவது செவியறிவுறூஉ. இலக்கண வரையறை அடக்கத்தைப் பேசினாலும், செவியறிவுறூஉத் துறையில் அமைந்த புறநானூற்றுப் பாடல்கள் அவ்வறிவுரையை யாருக்குச் சொல்கின்றன என்பது கருதத்தக்கது. 184 ஆம் பாடலில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி கொள்ளும் நெறியை உணர்த்துகிறார். 35 ஆம் பாடலில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் உழவரின் நிலையை எடுத்துரைத்து நிலத்தின் கடனிலிருந்து விடுதலை பெறுகிறார். தீங்கு செய்யும் ஆற்றல் யாரிடம் இருந்ததோ அவரை நோக்கியே அறிவுரை சென்றது. மேல்நோக்கிச் சென்று ஒரு சுமையையும் இறக்கிவைத்தது. இன்றைய பாதுகாப்பு அறிவுரை எத்திசையில் செல்கிறது என்பதே இங்கு எழும் வினா.

வாசகங்களின் மொழியமைப்பு

தமிழகச் சாலைகளிலும் பேருந்துகளிலும் பரவலாகக் காணப்படும் நான்கு வாசகங்களை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, 'படியில் பயணம் நொடியில் மரணம்'. யாப்பு நோக்கில் இது செறிவானது. படியில், நொடியில் என எதுகையும், பயணம், மரணம் என இயைபும், படியில் பயணம் என மோனையும் அமைந்துள்ளன. ஆனால் இத்தொடரில் வினை இல்லை; வினையில்லாததால் வினை செய்தவரும் இல்லை. படியில் நின்றால் மரணம் என்பது இயற்கை விதிபோல நிற்கிறது. பேருந்தின் உள்ளே இடமில்லாததால் படியில் நின்றாரா, அடுத்த பேருந்து எப்போது வரும் என்று தெரியாததால் தொற்றிக்கொண்டாரா, இளமைத் துணிவால் தொங்கினாரா என்னும் வேறுபாடுகள் எதுகைக்குள் அடங்கிவிடுகின்றன.

இரண்டாவது, 'தலைக்கவசம் உயிர்க்கவசம்'. இதுவும் வினையற்ற பெயர்ப் பயனிலைத் தொடர். இருபெயர்களைச் சமப்படுத்தும் இதன் உருவகத்தில் அணிபவர் மட்டுமே உட்கிடையாக உள்ளார். கவசத்தைச் செய்தவர், அதன் தரத்துக்குப் பொறுப்பானவர் என்போருக்கு இத்தொடரில் இடமில்லை.

மூன்றாவது, 'மித வேகம் மிக நன்று'. மோனையால் நினைவில் நிற்கும் இத்தொடர் வேகத்தை ஒரு மனப்பண்பாகக் கொள்கிறது. மிதமும் மிகையும் ஓட்டுபவரின் குணம் என்பது இதன் முற்கோள். சரக்கு எத்தனை மணிக்குள் சென்றுசேர வேண்டும் என்று பிறர் குறித்த கெடு, வேகத்தின் காரணமாக இங்கே எண்ணப்படவில்லை.

நான்காவது, 'சாலை விதிகளை மதிப்போம்'. இது தன்மைப் பன்மை வினைமுற்று. பேசுபவர் கேட்பவரையும் தம்மோடு சேர்த்துக்கொள்ளும் உளப்பாட்டு வடிவம் இது. பணிவாகத் தோன்றினும் இதன் விளைவு வேறு. விதியை வகுப்பவர், நடைமுறைப்படுத்துபவர், மீறுமாறு தூண்டுபவர், மீற நேர்பவர் ஆகிய அனைவரும் ஒரே 'நாம்' ஆகிவிடுகின்றனர். பொறுப்பு எல்லோருடையதும் ஆகும்போது எவரிடமும் கேட்க இயலாததாகிவிடுகிறது.

சட்டத்தின் மொழியமைப்பு

இவ்வாசகங்களுக்கு அடிப்படையான சட்டத்தைப் படித்தால் வேறொரு மொழியமைப்பைக் காண்கிறோம். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இலக்கிய நயம் கருதி எழுதப்பட்டதன்று. எனினும் கருத்தாவைப் பொறுத்தவரை அது வாசகங்களைவிட நுட்பமானது.

படிப் பயணத்தைப் பற்றிய 123 ஆம் பிரிவு முதலில் வாகனத்தை ஓட்டுபவரையும் அதற்குப் பொறுப்பானவரையும் விளித்து, படியில் எவரையும் ஏற்றிச் செல்லக் கூடாது என்கிறது. அதன் பின்னரே பயணியிடம் வருகிறது. வாசகமோ முன்னதை விட்டுப் பின்னதை மட்டும் எடுத்துக்கொண்டது. தலைக்கவசத்தை வலியுறுத்தும் 129 ஆம் பிரிவு அணிபவரை நோக்கியது. ஆனால் அது தனித்து நிற்பதன்று. இருசக்கர வாகனத்தை விற்கும்போதே தரமான தலைக்கவசத்தையும் தருமாறு மத்திய மோட்டார் வாகன விதிகள் உற்பத்தியாளரைப் பணிக்கின்றன. 2021 ஜூன் 1 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை பெற்ற தலைக்கவசங்களை மட்டுமே தயாரித்து விற்க வேண்டும் என்பதும் கட்டாயமாயிற்று. அணியாதவருக்கான ஆயிரம் ரூபாய் அபராதத்தை அறிந்த அளவுக்கு, உற்பத்தியாளருக்கும் விற்பவருக்கும் உள்ள இக்கடமைகளை மக்கள் அறிந்திருக்கவில்லை. அவற்றைச் சொல்லும் வாசகம் எதுவும் புழக்கத்தில் இல்லை.

லாரித் தொழிலை நேரடியாகத் தொடும் பிரிவுகளில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவானது. மிகைப்பாரத்தைத் தடுக்கும் 113 ஆம் பிரிவு ஓட்டுதல், ஓட்டச் செய்தல், ஓட்ட விடுதல் என மூன்று வினைகளை அடுக்குகிறது. முதலாவது இயற்றுதல், இரண்டாவது ஏவுதல், மூன்றாவது கண்டும் காணாதிருத்தல். ஓட்டுநர் உரிமையாளர் அல்லாதபோது, அக்குற்றம் உரிமையாளருக்குத் தெரிந்தோ அவருடைய உத்தரவின்படியோ நிகழ்ந்தது என நீதிமன்றம் ஊகிக்கலாம் என்றும் அப்பிரிவு கூறுகிறது. 2019 ஆம் ஆண்டின் திருத்தத்தால் 194 ஆம் பிரிவின்கீழ் மிகைப்பாரத்துக்கான தண்டம் 20,000 ரூபாயாகவும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயாகவும் உயர்ந்தபோதும், செய்தவரோடு செய்வித்தவரையும் சேர்த்துக் கூறும் தொடரமைப்பு மாறவில்லை.

வேகத்தைப் பற்றிய 183 ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. குறித்த நேரத்துக்குள் பயணத்தை முடிக்க வேண்டும் என்று ஒருவர் கால அட்டவணை வெளியிட்டாலோ உத்தரவிட்டாலோ, வேக வரம்பை மீறாமல் அதனை முடிக்க இயலாது என்று நீதிமன்றம் கருதினால், அவ்வட்டவணையே அவருடைய குற்றத்துக்கு முதல்தோற்றச் சான்றாகும். 'மித வேகம் மிக நன்று' என்னும் வாசகம் காணாத கெடுவைச் சட்டம் கண்டிருக்கிறது. வேகம் குணத்திலிருந்து மட்டும் பிறப்பதன்று, கட்டளையிலிருந்தும் பிறக்கும் என்னும் அறிவு சட்டநூலில் எழுத்தாக உள்ளது. அது மக்கள் வழங்கும் தொடராகவில்லை.

லாரியில் எழுதப்படும் தொடர்கள்

அரசின் வாசகங்களுக்கு இணையாக மற்றொரு பாதுகாப்பு எழுத்தும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. கூடு கட்டி முடிந்த லாரி பட்டறையை விட்டு வெளிவருவதற்கு முன் ஓவியரின் கைக்குச் செல்கிறது. முகப்பில் முருகன் துணை, தாய் தந்தை ஆசி போன்ற தொடர்கள். பக்கங்களில் பிள்ளைகளின் பெயர்கள். பின்புறத்தில் 'ஒலி எழுப்பவும்' என்னும் வேண்டுகோள். இவற்றைப் பொழுதுபோக்கான துணுக்குகளாகவே தொகுப்பது வழக்கம். பாதுகாப்பு எழுத்து என்னும் நோக்கில் படித்தால் இவை வேறு செய்திகளைத் தருகின்றன.

'ஒலி எழுப்பவும்' என்பது செய என்னும் வாய்பாட்டு எச்சத்தோடு உம் சேர்ந்து அமைந்த இக்கால வடிவம். வியங்கோள் முன்னிலைக்கும் தன்மைக்கும் பொருந்தி வாராது என்றது தொல்காப்பியம். மூவிடத்திற்கும் ஐம்பாலுக்கும் பொதுவென்று விரித்தது நன்னூல். இவ்வும் ஈற்று வடிவமோ வியங்கோளின் மரியாதையை ஏற்று முன்னிலையில் வழங்குகிறது. இதனைச் சொல்பவர் கட்டளையிடும் அதிகாரம் அற்றவர். தமக்குப் பின்னே வருபவரைத் தம்மால் பார்க்க முடியாது என்னும் வரம்பை ஒப்புக்கொண்டு, தொடர்பு கொள்ளுமாறு வேண்டுகிறார். மேலிருந்து கீழே வராமல், சாலையில் சமநிலையில் உள்ள இருவருக்கிடையே செல்லும் பாதுகாப்பு விதி இது. 2015 இல் மகாராட்டிர அரசு, லாரிகளின் பின்புறம் ஹாரன் ஒலிக்குமாறு வேண்டும் ஆங்கிலத் தொடரை, தேவையற்ற ஒலியைத் தூண்டுகிறது என்னும் காரணத்தால் தடை செய்தது. ஒலி மாசு உண்மையான கேடு. ஆயினும் அத்தொடர் பின்னால் வருவதைக் காண இயலாத ஒரு தொழிலாளியின் பாதுகாப்பு ஏற்பாடு என்பதும் உண்மை. எழுத்தை அழிப்பது எளிது. அந்தக் குருட்டுப்பகுதியைக் குறைப்பதற்கு வண்டியின் அமைப்பைத் திருத்த வேண்டும்.

'துணை' என முடியும் தொடர்களில் வினை இல்லை, முன்னிலையும் இல்லை. உரிமையாளர், சட்டம், காப்பீடு ஆகிய அனைத்துக்கும் அப்பால் ஒரு காவலை அவை நாடுகின்றன. இவற்றை மூடநம்பிக்கை என ஒதுக்குவதும் பண்பாடு எனப் போற்றுவதும் எளிது. திறனாய்வு கேட்க வேண்டியது வேறு: எந்தக் காவலின் இன்மையை இத்தொடர்கள் நிரப்புகின்றன?

தூக்கத்தின் உரிமை

இவ்வின்மையை ஓட்டுநரின் தூக்கத்தில் தெளிவாகக் காணலாம். 1961 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்னும் வேலை வரம்பையும், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் அரைமணி ஓய்வு தர வேண்டும் என்பதையும் வகுத்தது. ஐந்து தொழிலாளர்களுக்குக் குறைவான நிறுவனங்களை அது கட்டுப்படுத்தவில்லை. ஓரிரு லாரிகள் மட்டுமே வைத்திருப்போர் நிறைந்த பகுதியில் இவ்விலக்கின் பொருள் பெரிது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91 ஆம் பிரிவு இதே வரம்பைப் போக்குவரத்து வாகனங்களை இயக்கப் பணியமர்த்தப்படும் அனைவருக்கும் விரித்தது. ஆயினும் நடைக்கணக்கில் கூலி பெறுபவருக்கு மணிக்கணக்கில் வரம்பு இடும் விதி, கணக்கை மாற்றாமல் வரம்பை மட்டும் இடுகிறது. தலைக்கவசம் இல்லாததைச் சாலையோரத்தில் நிற்கும் காவலர் ஒரு பார்வையில் காண்பார். எட்டு மணி நேரம் கடந்துவிட்டதை எவரும் பார்வையில் காண இயலாது. கண்ணுக்குப் புலப்படும் மீறலுக்கே வாசகமும் அபராதமும் வாய்க்கின்றன.

தேசிய அனுமதி பெற்ற லாரிகளுக்கான 90 ஆம் விதி, நெடுங்காலம் வழக்கிலிருந்த வடிவத்தில், குறைந்தது இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்றும், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கைகால் நீட்டி உறங்குவதற்கு வண்டியின் அகலம் முழுவதும் இருக்கை அமைக்க வேண்டும் என்றும் கூறியது. உறங்கும் உடலைக் கண்முன் கொண்டு எழுதப்பட்ட அரிய சட்டத் தொடர் இது. பின்னாளில் இரட்டை ஓட்டுநர் கட்டாயம் தளர்த்தப்பட்டது. தளர்த்துவது சுதந்திரத்தை மிகுவிப்பது எனின், மிகுந்தது யாருடைய சுதந்திரம்?

2025 மார்ச் 27 அன்று நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மண்டல எரிவாயு டேங்கர் லாரி உரிமையாளர் சங்கம் தொடங்கிய வேலைநிறுத்தம் இக்கேள்வியை மீண்டும் எழுப்பியது. எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த விதிகளில் உரிமையாளர்கள் ஏற்க மறுத்தவற்றுள் ஒன்று, மாற்று ஓட்டுநரோ கிளீனரோ இல்லாத லாரிக்கு 20,000 ரூபாய் அபராதம் என்பது. இவ்வழக்கில் எந்தப் பக்கமும் எளிதில் தீயதாகிவிடாது. உரிமையாளர் வாடகையைத் தாமே முடிவு செய்பவர் அல்லர். கடனில் வாங்கிய வண்டியின் தவணையைச் செலுத்துபவர். ஓட்டுநராக இருந்து உரிமையாளரானவர்களும் இப்பகுதியில் குறைவல்லர். ஓட்டுநருக்கு ஏவுதற் கருத்தாவாக நிற்கும் அவரே, ஒப்பந்தம் வழங்கும் நிறுவனத்தின்முன் இயற்றுதற் கருத்தாவாகிறார். ஏவல் ஒரு சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழே உள்ளதை மட்டுமே விளிக்கிறது. செலவையும் அங்கேயே இறக்கிவைக்கிறது. இரண்டாம் ஆளின் கூலியை வாடகையில் சேர்க்காமல் இரண்டாம் ஆளைக் கட்டாயமாக்கும் விதி, பாதுகாப்பின் பெயரில் சுமையை மட்டும் நகர்த்துகிறது. ஆனால் இரண்டாம் ஆள் வேண்டாம் என்பது இதற்கு விடையாகாது. அவருடைய கூலியை யார் ஏற்பது என்பதே பேச வேண்டிய பொருள்.

கட்டாய விதி சுதந்திரத்தைப் பறிக்கிறது என்னும் வாதம் தொழில் உலகில் புதிதன்று. நியூயார்க் மாநிலம் ரொட்டித் தொழிலாளரின் வேலையை நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணி என வரையறுத்தபோது, அது தொழிலாளியின் ஒப்பந்த சுதந்திரத்துக்கு எதிரானது என்று 1905 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. பதினோராம் மணியும் வேலை செய்யும் சுதந்திரம் அத்தீர்ப்பில் காக்கப்பட்டது. பதினோராம் மணியில் மறுத்துவிட்டு வேலையை இழக்காதிருக்கும் சுதந்திரம் காக்கப்படவில்லை. 1937 இல் அந்நீதிமன்றமே இந்நெறியைக் கைவிட்டது. விதி கட்டாயமாக இருப்பதன் பயன் இங்கேதான் உள்ளது. இன்னும் ஒரு நடை போய்வா என்று சொல்லப்படும் ஓட்டுநர் என்னால் முடியாது என்றால் அது சோம்பல். சட்டம் விடாது என்றால் அது காரணம். விருப்பத்திற்கு விடப்பட்ட ஓய்வை வலிமையற்றவர் எடுத்துக்கொள்ள இயலாது. அவருக்குக் கட்டாய விதியே மறுக்கும் சுதந்திரம்.

ஆனால் விதி ஓட்டுநரை மட்டும் விளிக்கும்போது அதே கட்டாயம் வேறு முகம் காட்டுகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) ஆம் பிரிவு, விபத்தில் ஒருவர் இறந்தபின் காவல்துறைக்கோ நீதித்துறை நடுவருக்கோ தெரிவிக்காமல் தப்பிச் செல்லும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்றபோது, 2024 ஜனவரித் தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளில் ஓட்டுநர்கள் வேலையை நிறுத்தினர். அச்சட்டம் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது இப்பிரிவு நிறுத்திவைக்கப்பட்டது. நின்றால் கூட்டம் அடிக்கும் என்பது அவர்களது அச்சம். விபத்தில் பாதிக்கப்பட்டோரின் நீதி எவ்வகையிலும் சிறிதன்று. எனினும் வேலை நேரத்துக்குப் பொறுப்பானவரை ஏறத்தாழ விட்டுவிட்டு, நேர்ந்தபின் நிற்பவரை மட்டும் பத்தாண்டுத் தண்டனையால் விளிக்கும் சட்டம், வாசகங்களின் மொழியமைப்பையே தானும் ஏற்றுக்கொண்டது.

பெயர் சொல்லும் பலகை

பாதுகாப்பு எழுத்து இவ்வாறுதான் இருக்க முடியும் என்பதில்லை. இதே மாவட்டத்தின் மற்றொரு தொழில் அதற்கு மாற்றுச் சான்று தருகிறது. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் விழுந்து இறப்பதைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 2010 இல் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நில உரிமையாளர் 15 நாள்களுக்கு முன்பே அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தோண்டும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். குழாய்க்கு மூடி இட வேண்டும். கைவிட்ட துளையை அடிமுதல் தரைமட்டம் வரை மூட வேண்டும். இவற்றோடு, தோண்டும் இடத்தில் நிறுவனத்தின் முழு முகவரியையும் நில உரிமையாளரின் முழு முகவரியையும் தாங்கிய பலகை வைக்க வேண்டும் என்பதும் ஒரு நெறி.

வாசக ஆய்வில் இப்பலகைக்குத் தனி இடம் உண்டு. இதில் எதுகை இல்லை, உருவகம் இல்லை, அறிவுரையும் இல்லை. இயற்றுதற் கருத்தாவும் ஏவுதற் கருத்தாவும் அடுத்தடுத்துப் பெயரோடு நிற்கின்றனர். குழந்தையே கவனமாக இரு என்றோ, பெற்றோரே விழிப்பாக இருங்கள் என்றோ அது சொல்வதில்லை. துளைக்குப் பொறுப்பானவர் இன்னார் என்கிறது. என் நிலத்தில் நான் தோண்டுவேன் என்னும் சுதந்திரத்தை அது மறுக்கவுமில்லை. அச்சுதந்திரத்தோடு பெயரை இணைக்கிறது.

நெறி வகுத்தபின்னும் இறப்புகள் நிற்கவில்லை. 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட துளையில் விழுந்து, பல நாள் மீட்புப் பணிக்குப் பின் உயிரின்றி எடுக்கப்பட்டதைத் தமிழகம் மறந்திருக்காது. பலகை மட்டும் காப்பாற்றாது. ஆனால் மூடாத துளைக்குப் பின் யாரைக் கேட்பது என்னும் வினாவை அது முன்கூட்டியே தீர்த்துவைக்கிறது. 'படியில் பயணம் நொடியில் மரணம்' அவ்வினாவை எழவே விடுவதில்லை.

எழக்கூடிய மறுப்புகள்

இவ்வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, வாசகம் என்பது சுருக்கமான வடிவம். சட்டத்தின் எல்லாக் கருத்தாக்களையும் அதில் அடக்க முடியாது என்பது. சுருக்கம் காரணமன்று என்பதை ஆழ்துளைக் கிணற்றுப் பலகை காட்டுகிறது. அதுவும் சுருக்கமானதே, யாரைச் சுட்டுவது என்னும் தேர்வில்தான் வேறுபடுகிறது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. கடைசி நொடியில் உயிரைக் காப்பது தனிமனிதரின் செயலே. உரிமையாளரின் பொறுப்பைப் பேசிக்கொண்டிருப்பது தலைக்கவசம் அணியாதவருக்குச் சாக்காகிவிடும் என்பது. கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012 இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு இங்கே நினைக்கத்தக்கது. தம்முன் வந்த உடைந்த உடல்களைக் கண்ட மருத்துவர் ஒருவரின் வழக்கு அது. அதன் விளைவாக 2014 இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. ஓட்டுபவரை மட்டும் திருத்த முனையாமல், அரசுகளையும் அவற்றின் துறைகளையும் கடமைப்படுத்தியதே அவ்வழக்கின் வலிமை. அறிவுரை மேல்நோக்கிச் சென்ற ஓர் இக்காலச் செவியறிவுறூஉ என இதனைக் கொள்ளலாம். தலைக்கவசம் அணிய வேண்டும் என்பதில் இக்கட்டுரைக்கு ஐயமில்லை. அணிபவரின் கடமையைப் போலவே பிறர் கடமைகளும் வாசகமானால், அவர் தம்மை மட்டும் குற்றவாளியாக உணரும் மனக்குறை நீங்கும். தனிமனித சுதந்திரத்தின் பெயரால் எழும் எதிர்ப்பில் ஒரு பகுதி அம்மனக்குறையே.

2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் கட்டாயம் என்னும் விதியும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. களைப்பைக் குறைக்கும் பொறுப்பு ஓட்டுநரின் மனவுறுதியிலிருந்து உற்பத்தியாளரின் வடிவமைப்புக்கு நகர்கிறது. இவ்விதியால் ஓட்டுநரின் எந்தச் சுதந்திரமும் குறைந்ததாக எவரும் வாதிடவில்லை.

முடிவுரை

பாதுகாப்பு விதிகளும் தனிமனித சுதந்திரமும் ஒன்றையொன்று மறுப்பவை என்னும் தோற்றம் ஓரளவுக்கு மொழியால் உருவானது. ஏவுதற் கருத்தாவை நீக்கிவிட்டு இயற்றுதற் கருத்தாவை மட்டும் விளிக்கும் வாசகங்களில், விதி ஒரு தனிமனிதரின்மேல் அரசு செலுத்தும் அதிகாரமாகவே தெரியும். ஓட்டுதல், ஓட்டச் செய்தல், ஓட்ட விடுதல் என்னும் மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போது, அதே விதி வலியவரின் சுதந்திரத்துக்கு எல்லையாகவும் எளியவரின் சுதந்திரத்துக்கு அரணாகவும் தெரிகிறது.

ஆண்டுதோறும் சாலைப் பாதுகாப்பு நிகழ்வுகளை ஒட்டிக் கல்லூரிகளில் வாசகப் போட்டிகள் நடைபெறுகின்றன. அவற்றுக்கு நடுவர்களாகத் தமிழ்த்துறை ஆசிரியர்கள் அமர்கின்றனர். எதுகையும் மோனையும் அமைந்த தொடருக்குப் பரிசு செல்வது இயல்பாகிவிட்டது. பரிசளிப்பதற்கு முன், இத்தொடரின் எழுவாய் யார், இது யாரை விளிக்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்னும் மூன்று வினாக்களை நடுவர்கள் கேட்கலாம். பேருந்தில் இடம் தர வேண்டியவரை, சரக்குக்குக் கெடு வைப்பவரை, இரண்டாம் ஓட்டுநரின் கூலியை ஏற்க வேண்டியவரை விளிக்கும் வாசகங்களை மாணவர்கள் எழுதத் தொடங்கினால், கருத்தா பற்றிய பாடம் வகுப்பறையைக் கடந்து சாலைக்கும் சென்று சேரும்.